மக்காபே காட்டில் தெரியும் பச்சை எந்த மரத்தின் பச்சை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீஷியஸின் காடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். செயற்கைக்கோள் படங்களில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் பசுமை குறையவில்லை, ஆகவே காடு பத்திரமாக இருக்கிறது என்று அது முடிக்கிறது. பசுமை குறையவில்லை என்பது சரி. அது எந்த மரத்தின் பசுமை என்று கட்டுரையாளர் கேட்காமல் விட்டதுதான் என் வருத்தம்.

1994இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பரப்பு 6,574 ஹெக்டேர். தீவில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பூர்வீகக் காடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. தம்பலாகோக் மரமும் எங்கள் கருங்காலி வகைகள் பலவும் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை.

குளிர்காலம் வந்தால் இங்கே குடும்பம் குடும்பமாகப் பூங்காவின் மேட்டுநிலமான பிளேன் ஷாம்பாஞ் பக்கம் சீனக் கொய்யா பறிக்கப் போவோம். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ன அவ்வளவு ருசி. பிரேசிலிலிருந்து வந்த அந்தச் செடிதான் இன்று காட்டை உள்ளிருந்து விழுங்குகிறது. தரையில் வெளிச்சம் விழாத அளவுக்கு நெருக்கமாக வளர்கிறது. குரங்கும் காட்டுப்பன்றியும் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்புகின்றன. இந்தப் புதருக்கு அடியில் கருங்காலிக் கன்று தலைதூக்குவது அரிது. தப்பித் தவறி முளைப்பதையும் மான் கடித்துவிடுகிறது.

முதிய மரங்கள் மட்டும் நிற்கின்றன, பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் தாத்தா பாட்டி இருப்பதுபோல. வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த முதியவற்றின் தலைகள்தான் தெரியும். ஒரு புயலில் அவை சாய்ந்தால் அந்த இடத்தைக் கொய்யாவும் பிரிவெட் என்ற இன்னொரு அயல் செடியும் நிரப்பிக்கொள்ளும். வரைபடத்தில் அப்போதும் அது ‘காடு’தான். நிலத்தை மூடியிருக்கும் செடிகொடிகள் மாறிவிட்டன. வரைபடத்தின் நிறம் மாறவில்லை.

இது என் ஊகம் அல்ல. 1930களில் வாகன், வியே என்ற இரு தாவரவியலாளர்கள், இன்று இதே பூங்காவுக்குள் இருக்கும் மக்காபே காட்டில் ஒரு துண்டு நிலத்தை அளந்து, அதில் நின்ற மரங்களைக் கணக்கெடுத்தார்கள். சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து அதே நிலத்தில் மறுபடி எண்ணிப் பார்த்தபோது பூர்வீக மரங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன, அயல் செடிகள் மேலோங்கியிருந்தன. அங்கே யாரும் கோடரி தூக்கவில்லை. அது பாதுகாக்கப்பட்ட காடு.

பறவைகளின் கதையையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1974இல் காட்டில் நான்கே நான்காக இருந்த மொரீஷியஸ் வல்லூறையும், 1990 வாக்கில் பத்து அளவுக்குச் சுருங்கிய இளஞ்சிவப்புப் புறாவையும் உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் போன்றவர்கள் மீட்டெடுத்தது இந்தத் தீவுக்கே பெருமை. ஆனால் அந்தப் புறாக்களுக்கு இன்னும் கையால் தானியம் வைக்கிறார்கள். இந்தத் தீவுக்கே உரிய எக்கோ கிளிக்குக் கூடு கட்டப் பெட்டி வைக்கிறார்கள். பொந்துள்ள முதிய மரங்கள் போதவில்லை. பறவையைக் காப்பாற்றிவிட்டு, அதற்குச் சோறு போட வேண்டிய காட்டை நழுவவிட்டால் எத்தனை தலைமுறைக்குக் கையால் ஊட்டுவது?

வழி தெரியாமலும் இல்லை. பூங்காவுக்குள் பிரிஸ் ஃபேர் போன்ற இடங்களில் மான், பன்றி நுழையாதபடி வேலி போட்டு அயல் செடிகளை ஆட்களே களையெடுக்கிறார்கள். களை நீங்கிய இடத்தில் பூர்வீகக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. கொஞ்ச காலம் விட்டால் கொய்யா திரும்பிவிடும். ஆகவே ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல, வருடா வருடம் கூலியும் ஆளும் வேண்டும். புதிதாக மரம் நடும் விழாக்களுக்குச் செலவிடும் பணத்தை இதற்குத் தருவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். பழம் வேண்டுவோருக்குப் பூங்காவுக்கு வெளியே கொய்யா தாராளமாக இருக்கிறது.

காத்ர் போர்னில் நம் முருகன் கோயிலுக்குப் பின்னால் எழும் கோர் தெ கார்த் மலையும் ஓர் இயற்கைக் காப்பிடம்தான். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தைப்பூசத்துக்கு அத்தனை பேர் கூடுகிறோமே, நம் தமிழ்ச் சங்கங்கள் வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் மேற்பார்வையில் அங்கே களையெடுக்க இளைஞர்களை அனுப்பலாம். என் பேரப்பிள்ளைகளை நானே அழைத்துவரத் தயார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பூங்கா பற்றி எழுதும்போது, எத்தனை ஹெக்டேர் பச்சை என்பதோடு, எத்தனை ஹெக்டேரில் களையெடுத்திருக்கிறார்கள், அதில் இந்த ஆண்டு மறுகளை எடுத்தது எவ்வளவு என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
காத்ர் போர்ன், மொரீஷியஸ்.