பந்தியில் எச்சரிக்கை வேண்டாம்: கோயில் அன்னதானக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

இந்தத் தைப்பூசக் காவடி முடிந்து வாழை இலையில் ஏழு கறி பரிமாறும்போது, "சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாயசம் வாங்க வேண்டாம்" என்று மைக்கில் அறிவித்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். மொரீஷியசில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, பாயச வாளி வந்ததும் இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்தார். வாளி இரண்டு இலை தாண்டியதும் பரிமாறிய தம்பியைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார். தலை நிமிராமலே சாப்பிட்டு முடித்தார்.

அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. மருத்துவர் சொன்னதும் தெரியும். பத்து நாள் விரதம் இருந்து சாமிக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது என்பதும் உண்மை. ஒரே பாயசத்தின் மேல் ஆசையும் பயமும் சேர்ந்தே இருக்கும். உளவியலாளர்கள் இந்த இருமனத்தைப் பற்றி நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் அறிவிப்பு பயத்தைக் கூட்டியது, ஆசையைத் தொடவே இல்லை. அப்புறம் ஒளித்துச் சாப்பிடுவதுதானே மிச்சம்?

அடுத்த ஆண்டு 'ஆரோக்கிய உணவு' என்று பலகை வைத்துத் தனிப் பந்தி போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மாம்பழ லஸ்ஸி கொடுத்துப் பார்த்தார்கள். உடம்புக்கு ஆகாதது என்று சொல்லிக் கொடுத்தபோதுதான் அது கூடுதலாக ருசித்தது. பலகையைப் பார்த்ததுமே 'இது சப்பென்று இருக்கும்' என்று நாக்கு முடிவு கட்டிவிடும். அதோடு, அந்தப் பந்தியில் உட்காருகிறவருக்கு நோய் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

நம் நாடே வேறு வழி காட்டியிருக்கிறது. 1987க்குப் பிறகு, பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெய் முழுக்க சோயா எண்ணெயாக மாறியது. 1992க்குள் மக்களின் ரத்தத்தில் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியது. அதில் எண்ணெய்க்கு முக்கியப் பங்கு உண்டு. அதற்காக யாரும் இலை முன்னால் கூனிக் குறுக வேண்டியிருக்கவில்லை.

ஆகவே மாற்றத்தை அடுப்படியில் தொடங்குங்கள். பாயசத்தில் சர்க்கரையைக் குறைத்து, ஏலக்காயைத் தாராளமாகப் போட்டு, சின்னக் கிண்ணத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். சோறு குறைந்து காயும் பருப்பும் கூடட்டும். அடுத்த கொடியேற்றத்துக்கு முன் சமையல் குழு கூடும்போது சொல்லி அனுப்புங்கள், நானும் காய் நறுக்க வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பந்தியில் உண்ணும் பக்தை