மார்க்கெட் டிரேட்டனில் பாதி, ஆற்காட்டில் பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள மார்க்கெட் டிரேட்டன் என்னும் சிறு சந்தை ஊருக்கு அண்மையில் சென்று வந்தேன். ராபர்ட் கிளைவ் சிறுவனாகத் திரிந்த ஊர் என்பதால் நம்மவர்களும் சிலர் அங்கே போகிறார்கள். ஊர் திரும்பியவர்கள் சொல்வதைக் கேட்டால், அங்கே கிளைவைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எண்ணத் தோன்றும். அது சரியல்ல.

அந்த ஊருக்குப் பெருமை அதன் சந்தை. 1245-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் காம்பர்மியர் மடத்துக்கு வழங்கிய உரிமையின் பேரில் தொடங்கிய புதன்கிழமைச் சந்தை இன்றும் புதன்கிழமைதான் கூடுகிறது. வெண்ணெய் விற்க வருவோர் மழையில் நனையாதிருக்க 1842-இல் தூண்களின் மேல் எழுப்பிய கூரை, ஊர் நடுவில் அப்படியே நிற்கிறது. 1651-இல் பெருந்தீ ஒன்று ஊரின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக இன்று நாம் படமெடுத்துக்கொள்ளும் வீடுகளில் பல, அந்தச் சாம்பலின் மேல் மறுபடி கட்டியவை. அவற்றை 'டியூடர்' வீடுகள் என்று அழைப்பது பழக்கமாகிவிட்டது. டியூடர் அரச வம்சமோ 1603-லேயே முடிந்துவிட்டது! பெயர் எப்படியிருந்தாலும், பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த ஒரு கட்டடத்தின் பழமை கெடும்படி அதன் சொந்தக்காரரே ஒரு சன்னலைக்கூட அனுமதியின்றி மாற்ற முடியாது என்பது அந்நாட்டுச் சட்டம். அப்படிப்பட்ட வீடுகளின் கீழ்த்தளத்தில் கடைகள் நடப்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இனி கிளைவ். புனித மேரி தேவாலயக் கோபுரத்தில், மழைநீர் வடிவதற்காக விலங்கு முகத்தோடு செதுக்கிய கல் தூம்பின் மேல் அவர் ஏறி உட்கார்ந்தார் என்றும், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களை மிரட்டிக் காசு பறித்தார் என்றும் கதைகள் உண்டு. ரோலண்ட் ஹில் 1555-இல் நிறுவிய பள்ளியில் அவர் சிறிது காலம் படித்ததும் உண்மை. இவற்றைச் சிறு பிள்ளையின் குறும்பாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கடைக்காரர்களை மிரட்டிய அதே கைதான் பின்னாளில் வங்காளத்தில் நீண்டது என்று ஆற்காட்டுக்காரனான எனக்குச் சொல்லத் தோன்றியது. அயலூரில் வாயை அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மறுபாதி இருக்கிறது. 1751-இல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையின் மிச்சமாகப் பாலாற்றங்கரையில் டில்லி வாசல் நிற்கிறது. உணவு குறைந்தபோது சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சி தங்களுக்குப் போதும் என்று இந்தியச் சிப்பாய்கள் கூறியதாக ஆங்கிலேயர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அது நடந்ததோ இல்லையோ, அந்தச் சிப்பாய்களின் பெயர்களை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. டிரேட்டனை அடுத்த மோர்ட்டன் சே கிராமத்துத் தேவாலயத்தில் 1774-இல் கிளைவைப் புதைத்தபோது, அவர் கல்லறைக்கும் அடையாளம் வைக்கவில்லை என்பது விந்தைதான்.

கோபுரத் தூம்பைப் பார்ப்பவருக்கு டில்லி வாசலும், டில்லி வாசலைப் பார்ப்பவருக்கு அந்தத் தூம்பும் தெரிந்திருக்க வேண்டும். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் இவ்விரண்டின் படங்களையும் அருகருகே வெளியிட்டு, சந்தைக் கூரைக்கும் அதே பக்கத்தில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஆற்காடு.