கையெழுத்து வைப்பவர்கள் எல்லோரும் வாசிப்பவர்கள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 8ஆம் திகதி எழுத்தறிவு தினம் வரும்போது பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும், இலங்கையில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று. 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் அது. அதில் எனக்கும் பெருமைதான், அந்தக் கல்வி இல்லையென்றால் நான் ஆசிரியை ஆகியிருக்க மாட்டேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அந்தச் செய்தியை என்னால் முன்புபோல வாசிக்க முடியவில்லை.

வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவர் படலையில் நின்று எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் முன்னால் நிற்க, யார் இல்லை என்று சொல்வார்கள்? ஓம் என்கிறார்கள். கையெழுத்து வைக்கச் சொன்னால் வைக்கவும் செய்கிறார்கள், ஏனென்றால் பெயரை ஒரு படம்போலப் பழகி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது.

இவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1980களின் நடுவில் வன்னியில் பிறந்த ஒரு பெண். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் கிடையாது, ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஊரே எழும்பியபோது ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. பிறகு மரத்தடிப் பள்ளிக்கூடம், தறப்பாள் கொட்டில், அடுத்த இடப்பெயர்வு. கொஞ்சம் வளர்ந்ததும் பிள்ளையைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் தாய் தகப்பன் பதினாறு பதினேழு வயதில் கலியாணம் கட்டி வைத்துவிட்டார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது கையில் இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. வவுனியாவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள்ளும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது, அந்த வருடம் ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சைகூட எழுதினார்கள், நடத்திய ஆசிரியர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் மட்டும் உனக்கும் படிப்பு பாதியில் நின்றதே என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அவளுக்கு நாற்பது தாண்டுகிறது. பள்ளிக்கூடம் போகாதவள் இல்லை, ஆகவே எந்தக் கணக்கிலும் எழுத்தறிவு இல்லாதவளாக வரமாட்டாள். ஆனால் முப்பது வருடம் கையில் எடுக்காத எழுத்து அப்படியே நிற்குமா?

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு அம்மா முதல் நாள் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மகன் காணாமல் போனவர். 2010இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழுவிலிருந்து பிறகு வந்த காணாமற்போனோர் அலுவலகம் வரைக்கும் எங்கெல்லாம் போய்ச் சொன்னாரோ அங்கெல்லாம் கொடுத்த கடிதங்கள், துண்டுகள், போட்டோப் பிரதிகள் எல்லாம் அதற்குள்ளே. எந்தக் கடிதம் எதுவென்று எப்படி அம்மா தெரியும் என்று கேட்டேன். ஒன்றின் மேல்மூலை மடித்திருந்தது, இன்னொன்றில் சிவப்பு நூல் கோத்திருந்தார், ஒன்றை முத்திரையில் உள்ள சிங்கத்தை வைத்து அடையாளம் வைத்திருந்தார். மகனின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு கடிதத்தில் பெயரின் ஓரெழுத்துப் பிழையாக இருந்தது. இத்தனை வருடமாக அதை யாரும் கவனிக்கவில்லை, அவரால் கவனிக்க முடியவில்லை. அன்று நான் தயாரித்துக்கொண்டு போன "அ, அம்மா" பாடத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அந்தப் பெயரில் உள்ள ஐந்து எழுத்துகள்தான் எங்கள் முதல் பாடம்.

நான் சொல்ல வருவது இதுதான். பெரியவர்களுக்குப் படிப்பிப்பதென்றால் அரிச்சுவடியைக் கையில் கொடுத்துக் குழந்தைப் பாட்டு பாட வைப்பதல்ல. அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு காகிதம் இருக்கிறது, பாடம் அங்கே தொடங்க வேண்டும். கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், மின்சாரப் பில், கடன் தவணை அட்டை. இன்னொரு பெண் பிரஷர் குளிசையை நிறம் பார்த்துத்தான் எடுத்து வந்தார். ஒரு மாதம் வேறு கம்பனியின் குளிசை வந்து நிறம் மாறிவிட்டது, சீனி வருத்தக் குளிசையை அதென்று நினைத்து இரண்டு நேரமும் போட்டு மயங்கி விழுந்தார். உறையில் காலை, இரவு என்ற இரண்டு சொல் எழுதித்தான் இருந்தது.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. போர் முடிந்த கையோடு கிராமம் கிராமமாக நுண்கடன் வந்தது. ஐந்தாறு பெண்கள் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் வட்டி எவ்வளவு என்று வாசித்தவர்கள் எத்தனை பேர்? 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் சொன்னபோது, தன் கடன் அதற்குள் அடங்குமா என்று கேட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிப்பணத்துக்கு விண்ணப்பம் வந்தபோதும் அதே கதை, படிவம் நிரப்பிக் கொடுக்கக் கொமினிகேசன் கடைகளில் காசு கொடுத்தார்கள். உதவிப்பணம் கேட்பதற்கே காசு.

எனக்கு அந்த நிலை புரியும் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் சைக்கிள் களவு போய் ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தேன். நான் தமிழில் சொன்னதை அவர் சிங்களத்தில் எழுதினார், கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்திருக்கிறேன். ஆனாலும் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாமல் வைத்தேன். வெளியே வந்து நின்றபோது வயிற்றுக்குள் ஏதோ செய்தது. எனக்கு அது ஒரு நாள். எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அது ஒவ்வொரு நாளும்.

முறைசாராக் கல்வி என்று கல்வித் திணைக்களத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, அதில் வேலை செய்கிறவர்களில் மனதோடு செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு என்று வந்த பயிற்சிகளில் நான் பார்த்தது பெரும்பாலும் தையலும் கேக் செய்வதும் அழகுக்கலையும்தான். ஆறு மாதம், ஒரு சான்றிதழ், ஒரு தையல் மெஷின். அந்த மெஷின் அடுத்த வருடமே கடன் தவணைக்கு விற்கப்பட்டிருக்கும். தையல் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு முன்னால் வாசிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. நிக்கரகுவாவில் 1979இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடுத்த வருடமே சுமார் 60,000 இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய் மக்களோடு தங்கி ஐந்து மாதம் படிப்பித்தார்கள். நாட்டின் பாதிப் பேர் எழுத்தறியாதவர்களாக இருந்த இடம் அது. பிறகு இன்னொரு போர் வந்து அந்த வேலையைப் பின்னுக்கு இழுத்தது உண்மைதான். எங்களுக்குப் போர் ஓய்ந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, அந்தச் சாட்டும் இல்லை.

கட்டடம் இல்லை என்பார்கள். எங்கள் பக்கம் அநேகமாக எல்லா ஊரிலும் முன்பள்ளி இருக்கிறது, மத்தியானத்தோடு பூட்டிவிடுகிறார்கள். அதே ஆசிரியைக்குப் பயிற்சி கொடுங்கள், கையில் கொடுக்கிற சொற்பக் காசைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், பின்னேரம் தாய்மார் வரட்டும், பிள்ளைகளும் அங்கேயே விளையாடட்டும். நேரத்தை அவர்களே தீர்மானிக்கட்டும், கூலி வேலைக்குப் போகிறவளை நாலு மணிக்கு வா என்றால் வரமாட்டாள். அப்புறம் இன்னொன்று, முதல் வேலையாகக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுங்கள். எனக்கு இது பிந்தித்தான் உறைத்தது. இனி எனக்கு மண்டையில் ஏறாது டீச்சர் என்று சொல்லி மூன்று கிழமை சும்மா இருந்த ஒருவருக்கு என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இவ்வளவு பெரிய எழுத்தா என்று கேட்டார்.

ஆண்களையும் மறக்க வேண்டாம். அவர்கள் வெட்கத்தில் வருவதே இல்லை. எங்களிடம் வருகிற இரண்டு பேரும் மனைவியைக் கொண்டுவந்து விடுகிறோம் என்ற சாட்டில் பின் வாங்கில் இருந்து, இப்போது முன்னுக்கு வந்திருக்கிறார்கள்.

கடைசியாக உங்களிடம் நேரடியாகவே ஒரு வேண்டுகோள். சிறுவருக்கு என்று பக்கம் போடுகிறீர்கள், நல்லது. புதிதாக வாசிக்கப் பழகும் பெரியவர்களுக்கு என்று கிழமைக்கு அரைப்பக்கம் போட முடியுமா? பெரிய எழுத்தில், சின்ன வசனங்களில், நெல் விலை, மழைச் செய்தி, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், கடைசித் திகதி என்ன, இவ்வளவு போதும். ஆனை, பூனை என்று சித்திரக்கதை வேண்டாம், அவர்கள் பிள்ளைகள் அல்ல. போட்டால் எங்கள் ஞாயிறு வகுப்பில் அதைத்தான் வாசிப்போம். இப்போது 14 பேர் வருகிறார்கள். 14 பிரதியும் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்