“கொழும்புக்கு வந்த காரணம்?” – எங்கள் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு உங்கள் உத்தியோகத்தர்கள் இருவர் எங்கள் தொடர்மாடிக்கு வந்து பதிவுப் படிவம் கொடுத்துவிட்டுப் போனது தாங்கள் அறிந்ததே. எங்கள் தளத்தில் நான்கு வீடுகள். மாவிலை கட்டிய இரண்டு கதவுகளை மட்டும் தட்டினார்கள்.

படிவம் முழுவதும் சிங்களம். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நகரில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு வாசிக்க முடிந்தது. மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாயாருக்கு, முடியாது. வயது எழுபத்தெட்டு. கண்ணில் புரை வெட்டுவதற்காகச் சாவகச்சேரியிலிருந்து வந்து ஒன்பது நாட்கள்தான் ஆகின்றன. “கொழும்புக்கு வந்த காரணம்” என்ற கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். இரண்டு சேலை, கண்ணுக்கு விடும் மருந்து, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, பஸ் எத்தனை மணிக்கு வரும்?”

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் மாமி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். அன்று லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பியதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும், பின்னர் பிரதமரே வருத்தம் தெரிவித்ததையும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வருத்தம் மாமியிடம் இன்னும் வந்து சேரவில்லை. அன்று உடுப்பு மடிக்கக்கூட நேரம் தரவில்லை என்பதுதான் அவருடைய குறை. இம்முறை முந்திக்கொண்டார்.

வீட்டில் இருப்போரின் விவரத்தைக் கேட்க 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் தங்களுக்கு இடம் தருகிறது. மறுக்கவில்லை. கேட்பதென்றால் நான்கு வீட்டிலும் கேளுங்கள், எங்களிடம் தமிழில் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியாகிய தமிழுக்கு உங்கள் படிவத்தில் மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

பாதுகாப்புக்காக என்றார் வந்த உத்தியோகத்தர். பாதுகாப்பு எங்களுக்கும் வேண்டும், ஐயா. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செத்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்து அதிகாரிகளின் மேசைகளில் கிடந்தது. அன்று இல்லாமற்போனது மாமியின் பதிவுப் படிவமா?

வெளியார் என்ற சொல்லையும் அந்த உத்தியோகத்தர் ஒருமுறை சொன்னார். 1505இல் இந்தக் கரையில் வந்து இறங்கிய போர்த்துக்கீசரிடம் யாரும் வந்த காரணம் கேட்டு எழுதி வாங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஐந்நூறு வருடம் பிந்திவிட்டது. இப்போது சாவகச்சேரிக் கிழவியிடம் கேட்கிறோம். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் பிரஜைகள் எல்லோருக்கும் உரிமை தருகிறது. காரணம் சொல்லிவிட்டு வா என்று அதில் இல்லை.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும். நான் தயவாகக் கேட்பது இவ்வளவுதான்: எல்லா வீட்டிலும் கேளுங்கள், தமிழில் கேளுங்கள், அந்த ஒரு கேள்வியை எடுத்துவிடுங்கள். படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி மட்டும் வெறுமையாக இருக்கிறது. வாங்க வருகிறவரைப் பத்து மணிக்குப் பிறகு அனுப்பினால் பேருதவி. விடியற்காலையில் அழைப்பு மணி அடித்தால் மாமி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். நேற்று வந்தவர் பால்காரர்.

இப்படிக்கு,
தங்கள் பிரிவில் வசிக்கும் ஒரு வாக்காளன்