ஏ.எஸ்.எம்.ஆர். ஆபாசமும் அல்ல, மருந்தும் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏ.எஸ்.எம்.ஆர். (ஆட்டோனமஸ் சென்சரி மெரிடியன் ரெஸ்பான்ஸ்) என்ற பெயரில் வரும் யூடியூப் காணொளிகளில் ஒருவர் கிசுகிசுப்பதையும் மைக்கைத் தூரிகையால் வருடுவதையும் இளைஞர்கள் இரவெல்லாம் கேட்பது ஆபாச ரசனையே என்று தங்கள் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். இந்தச் சந்தேகம் அவருக்கு மட்டும் உரியதல்ல. 2018இல் சீனாவின் ஆபாச ஒழிப்பு அலுவலகமும் இத்தகைய காணொளிகளைக் களையுமாறு இணையத் தளங்களுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெயரில் ஆபாசத்தை விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால், ஏ.எஸ்.எம்.ஆர். என்ற உணர்வு வேறு.

மென்குரல், காகிதம் மடிபடும் ஓசை, நகத்தால் மரத்தைத் தட்டும் ஒலி, பிறர் நம்மீது காட்டும் நிதானமான கவனம் ஆகியவற்றால் சிலருக்கு உச்சந்தலையில் இதமான கூச்சம் எழுந்து, பிடரி வழியே முதுகுத்தண்டில் இறங்குகிறது, மனமும் அடங்குகிறது. முடிதிருத்தும் கடையில் காதருகே கத்தரிக்கோல் ஒலிக்கையில் கண் சொக்கியவர்களில் சிலர் இதை அறிந்திருக்கக்கூடும். 2010இல் இதற்குப் பெயர் வைத்தவர் ஜெனிஃபர் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி. பெயரின் மிடுக்கைப் பார்த்து அது ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை. ஆய்வுகள் பின்னரே வந்தன.

பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வுணர்வு உள்ள 475 பேரிடம் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், 98 விழுக்காட்டினர் மன இளைப்பாறலுக்காகவும் 82 விழுக்காட்டினர் உறக்கத்துக்காகவும் இக்காணொளிகளை நாடுவதாகக் கூறினர்; பாலுணர்வுக்காக என்றவர்கள் 5 விழுக்காட்டினரே. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், இவ்வுணர்வு உள்ளவர்களின் இதயத்துடிப்பு காணொளியைப் பார்க்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக மூன்று துடிப்புகள் குறைந்தது. அதே வேளையில், உடலின் விழிப்புநிலையைக் காட்டும் தோலின் மின்கடத்துதிறன் கூடியதுதான் விந்தை: வெறும் மயக்கமாக இருந்தால் அது கூடியிருக்காது, அமைதியும் உடல் விழிப்பும் அங்கே சேர்ந்தே நிகழ்கின்றன.

ஆயினும், இவ்வுணர்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மெல்லும், உறிஞ்சும் ஒலிகளைக் கேட்டாலே கடும் எரிச்சலுக்கு உள்ளாகும் மிசோஃபோனியா உள்ளவர்களுக்கு இக்காணொளிகளில் சில வேதனையாகவே அமையும். (அந்த வகைக் காணொளிகளை என்னாலும் சகிக்க முடிவதில்லை.) ஆகவே, தூக்கமின்மைக்கு உறுதியான தீர்வு என்று இவற்றுக்குச் செய்யப்படும் விளம்பரங்களுக்கு மேற்கண்ட ஆய்வுகள் சான்றாகா. பிடித்தவர்கள் ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்கலாம். வாரக்கணக்கில் உறக்கம் வராதவர்கள் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி