முதலில் தராசு

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

குளுவாங்கில் உங்கள் கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் மெலிந்த பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் சாப்பாடு போடப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். அடுப்பும் சட்டியும் வாங்கியாச்சு, தராசு இன்னும் இல்லை என்றாய். தராசு வரும்வரை அடுப்பைப் பற்றவைக்காதே அம்மா.

100 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் தராசு போதும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் ஏறுவதே சுமார் 200 கிராம். நனைந்த பேம்பர்ஸே அவ்வளவு கனக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாப்பிடுமுன், எப்போதும் அதே தராசில் நிறுக்க வேண்டும்.

6 மாதம் முதல் 5 வயது வரை கைச் சுற்றளவும் பாருங்கள். இடது கையைத் தொங்கவிட்டு, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் சரி நடுவில், இறுக்காமல் நாடாவைச் சுற்றணும். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உங்கள் பட்டியலில் சேர்த்துவிடு. 11.5க்குக் கீழே இருந்தாலும், இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்ததும் குழி நின்றாலும், அன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்கு, அனுப்பிவிடு. அந்த நிலையில் திடீரென்று வயிறு முட்டக் கொடுப்பதே ஆபத்து.

குட்டையான பிள்ளையை "எங்க வீட்டு வாகு" என்று விட்டுவிடுவார்கள். 2019 மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில் 5 வயதுக்குட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கிளினிக் புத்தகத்தில் பிறந்த தேதி பார்க்காமல் யாரையும் நல்லா இருக்கிறான் என்று சொல்லிவிடாதே.

சமையலுக்கு 30 பிள்ளைக்குக் கணக்கு: அரிசி 1.2 கிலோ, மைசூர் பருப்பு 600 கிராம், முட்டை ஒரு தட்டு (30), எண்ணெய் 150 மில்லி, பூசணியோ கேரட்டோ ஒரு கிலோ, ஒரு கட்டுக் கீரை. அரிசியும் பருப்பும் காயும் குழைந்ததும் முட்டையை அடித்துக் கொதிக்கும் சட்டியில் ஊற்றிக் கிளறு. அவித்த முட்டை வேண்டாம். கொடுத்தால் அக்கா அதைத் தம்பிக்கென்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள், அவளை எப்படித் திட்டுவது? கீரை பிறகு, எண்ணெய் கடைசியாக, அளந்து. ஆளுக்கு சுமார் 330 கலோரி வரும். நெத்திலிப் பொடி சேர்த்தால் முதலில் ஊறவைத்துக் கழுவி வறுத்துத் திரி, பிறகு உப்பு போடாதே.

கெடுவது பெரும்பாலும் தண்ணீரில்தான். கூடுதலாக ஐந்து பிள்ளை வந்தால் யாராவது இரண்டு குவளை ஊற்றிவிடுவார்கள். வயிறு நிறையும், சத்து இருக்காது. கரண்டியைச் சாய்த்தால் ஓடக்கூடாது, பொத்தென்று விழணும். எதிர்பாராமல் வருபவர்களுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் தனியாக வைத்திரு. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிடு. தேநீர், மைலோ, இனிப்பு டின்பால் எதுவும் மண்டபத்துக்குள் வேண்டாம். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

இன்னொரு பெரிய சிக்கல் வீட்டில் இருக்கிறது. "கோயில்ல சாப்டாச்சே" என்று ராத்திரிச் சோற்றைக் குறைப்பார்கள். அப்புறம் நீங்கள் போட்டது வீட்டுச் சோற்றுக்குப் பதிலாகத்தான் ஆகும். அதனால் மத்தியானம் வேண்டாம், நாலு மணிக்குப் போடு. முன்பு தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது. இப்போது தோட்டத்து லய வீடுகள் போய் அடுக்குமாடி. தாய் விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறினால் பிள்ளை பாட்டியிடம். ஆகவே தாயோடு பாட்டியையும் அடுப்படிக்குக் கூப்பிட்டு, கரண்டியிலிருந்து பொத்தென்று விழும் அந்தப் பதத்தில் கிளறச் சொல்.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். மாட்டிறைச்சி கூடாது. வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் பல வீடுகளில் முட்டையும் தொடமாட்டார்கள், அன்று தௌஃபுவும் (சோயாக் கட்டி) கூடுதல் பருப்பும். ஜெபத்தைப் பிள்ளைகள் வருமுன் சமையலறையில் முடித்துக்கொள்ளுங்கள். மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், மிக மெலிந்த பிள்ளைதான் முதலில் நின்றுபோகும்.

எடை குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு கிளினிக்கிலும் மாதாந்தர உணவுக் கூடை உண்டு. அங்குள்ள மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) பட்டியலைக் கொடுத்துச் சேரச் செய். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) இல்லாத பிள்ளை அங்கே திண்டாடும், அவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடியுங்கள். பரிமாறுகிறவர்கள் டைஃபாய்டு ஊசியை முதலிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை ஏறாவிட்டால் கரண்டியைப் பெரிதாக்காதே. பூச்சியா, நாள்பட்ட இருமலா, வயிற்றுப்போக்கா என்று மிஸ்ஸியிடம் காட்டு. முதல் மாத எடைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஏறாத பிள்ளைகளைச் சிவப்பு மையில் எழுதி வை.

அன்புடன்,
அம்மா