நீ அனுப்பிய காயம்

குன்னூர்
19.1.2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஷூட்டிங்குக்காக மேக்கப்பில் செய்த காயம் என்று வியாழக்கிழமை ராத்திரி நீ அனுப்பிய மூன்று படத்துக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். அது பொய். அம்மா "ஐயையோ, நிஜம் மாதிரியே இருக்கே" என்று போனைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு சீரியலில் வருகிற ரத்தமும் நிஜம்தான். முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராகக் கட்டுப் போட்டவனுக்கு, உள்ளங்கையில் ரோஸ்மில்க் எசென்ஸ் கொட்டின மாதிரித்தான் தெரிந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில், காயம் தப்பான கையில் இருக்கிறது. உன் கதையில் அடிபடுகிறவன் கவாத்து வெட்டுகிறவன், தோட்டத்துச் செடிகளின் கிளைகளைக் கழித்துவிடுகிற வேலை. கத்தி வலது கையில். வெட்டு விழுவது செடியை வளைத்துப் பிடிக்கிற இடது கையில்: ஆள்காட்டி விரல், கட்டைவிரலின் அடி. கத்தி வழுக்கினால் இடது காலில், முழங்காலுக்குக் கீழே. (இப்போது பல தோட்டங்களில் மெஷின்தான். உன் கதையில் கத்தி என்பதால் கத்தியைப் பற்றியே சொல்கிறேன்.) வீசி இழுத்த வெட்டு தொடங்கின இடத்தில் ஆழமாக இருக்கும், போகப்போக மேலோட்டமாகி, வெறும் கீறலாக வால் விட்டு முடியும். உன்னுடையதில் இரண்டு முனையும் ஒரே மாதிரி, படகு போல இருக்கிறது. பார்த்ததும் உட்கார்ந்து வரைந்தது என்று தெரிந்துவிடுகிறது.

அடுத்தது நேரம். தோட்டத்தில் வெட்டுப்படுகிறான், ஒரு மணி நேரம் நடந்து டிஸ்பென்சரிக்கு வருகிறான், நாலு நாள் கழித்து லைன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று இடத்திலும் அதே பளபளச் சிவப்பு. ரத்தம் அப்படி நிற்காது, பாப்பா. புதுசாக வரும்போது பிரகாசமாக இருக்கும், ஐந்து பத்து நிமிஷத்தில் உறையும், மெல்லிசாகப் படிந்த இடம் காய்ந்து காவி ஏறி, விரலை மடக்கினால் கோடு கோடாக வெடிக்கும். சட்டையில் பட்ட கறையில் ஓரம் கருத்திருக்கும். நாலாம் நாள் சிவப்பே கிடையாது, பொருக்குதான். அதற்கு வேறு கலவை, வேறு வேலை.

எஸ்டேட்டில் வெறும் காயத்தோடு வந்தவனை நான் அதிகம் பார்த்ததில்லை. காபித்தூளை அப்பிக்கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் மஞ்சள்தூள், அதன் மேல் தலைத்துண்டையோ பழைய சேலைக் கிழிசலையோ சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பார்கள். துணியை உரிக்கும்போது தூளும் ரத்தமும் சேர்ந்து கருப்பாக, கேசரி அடிப்பிடித்த மாதிரி கட்டியாக வரும். அதைத் திட்டிக்கொண்டே கழுவினதில்தான் என் சர்வீஸில் பாதி போயிருக்கும். உன் டிஸ்பென்சரிக் காட்சியில் அதைச் செய். காபித்தூளுக்குச் செலவும் இல்லை, மேக்கப்பில் குறை இருக்கிற இடத்தையும் அது மூடிவிடும். கைக்கு அடியில் ஒரு கிண்ணம் வைத்து, கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் கழுவட்டும், கேமரா தண்ணீரின் நிறத்தைக் காட்டட்டும். 2009 நவம்பர் மண்சரிவின்போது எங்களிடம் வந்தவர்களின் உடம்பில் நான் முதலில் பார்த்தது சேறு. கழுவின பிறகுதான் எங்கே அடி என்றே தெரிந்தது.

இனி சமையல். வாஸ்லினும் மைதாவும் பிசைந்து செய்ததாகச் சொன்னாய். சின்ன வெட்டுக்கு அது போதும். பிசையும்போதே கொஞ்சம் கோகோ பவுடர் சேர்த்து உன் நடிகரின் தோல் நிறத்துக்குக் கொண்டுவா, வெள்ளையாகப் பூசிவிட்டு அப்புறம் நிறம் ஏற்றாதே. பூசினதும் ஓரத்தைக் கவனி. உன் படத்தில் என் கண்ணை உறுத்தினதே அந்த ஓரம்தான், தோசைக்கல்லில் ஊத்தப்பம் போலத் தடித்து நின்றது. விரலில் வாஸ்லின் தொட்டு, எங்கே மாவு முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று உனக்கே தெரியாத வரை இழைத்துவிடு. பிறகு கத்தியால் கீறாதே, பல்குத்தும் குச்சியோ ஸ்பூன் காம்போ போதும். உள்ளே அடர்ந்த சிவப்பு வைத்துவிட்டு, வெட்டின விளிம்பை ஒட்டி ஒரு வெளிர்க்கோடு இழு. வெளியே எவ்வளவு கருத்த தோலாக இருந்தாலும் மேல்தோலுக்குக் கீழே வெளுப்புதான். அந்த ஒரு கோட்டை யாரும் போடுவதில்லை.

பெரிய காயத்துக்கு ஜெலட்டின். ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர் மூன்றும் சம அளவு, ஒவ்வொரு மேஜைக்கரண்டி. வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து இளக்கு, அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். உன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவன் மேல் வைக்க வேண்டும். நேற்று நானும் செய்து பார்த்தேன். ஜன்னல் திட்டில் வைத்தேன், பிரிட்ஜே வேண்டியிருக்கவில்லை, அரைமணியில் தோல் மாதிரி இழுபட்டது. ஆனால் நீ சென்னையில் அறை எடுத்து லைன் வீடு மாதிரி செட் போடுவதாகச் சொன்னாயே, அங்கே கதை வேறு. முப்பது டிகிரியைத் தாண்டினாலே ஜெலட்டின் இளகத் தொடங்கும். மேலே லைட் சூடு, கீழே நடிகரின் வியர்வை என்றால் இரண்டாவது டேக்கில் காயம் முழங்கைக்கு நகர்ந்திருக்கும். விடிகாலையில் அந்த ஷாட்டை முடி. இல்லையென்றால் எல்லோரும் ஏறி இங்கே வந்துவிடுங்கள், அம்மாவுக்கு சந்தோஷம். ஒன்று மறந்தேன். ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பிலிருந்து வருவது. நடிகர் சைவக்காரரானால் முன்னாலேயே சொல்லிவிடு. அதற்குப் பதிலாகக் கடல்பாசி போடலாமே என்று நினைக்காதே, அது இழுபடாது, உதிரும்.

ரத்தத்துக்கு நம் ஊர் பீட்ரூட் ஆகாது. கேமராவில் ஹோலிப் பண்டிகை மாதிரி ரோஸாக விழும். கேக் சாமான் விற்கிற கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும், அதில் சிவப்பு ஃபுட் கலர், ஒரு சிட்டிகை கோகோ, குச்சி முனையில் தொட்டு நீல ஃபுட் கலர். அந்த நீலம்தான் ஆரஞ்சுச் சாயலை அடக்கும். காய்ந்த ரத்தம் வேண்டுமானால் கோகோவைக் கூட்டி, டிகாக்ஷன் சேர்த்து, சோள மாவில் இறுக்கிக்கொள். எறும்பு வரும். ஒரே மாதிரி சட்டை மூன்று வாங்கு, ஃபுட் கலர் துணியில் ஏறினால் போவதில்லை.

ஆரத்தித் தண்ணீரைப் பற்றியும் கேட்டாய். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், நிறமும் அற்புதமாக வரும், உண்மைதான். 1986 மாரியம்மன் திருவிழா நாடகத்தில் நான் குத்துப்பட்டுச் சாகிறவன். மைக் செட் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பை அள்ளிப் போட்டு, கன்னத்தில் கெட்டியாகப் பூசிக்கொண்டேன். செத்துக் கிடக்க வேண்டிய பத்து நிமிஷமும் கன்னம் எரிந்தது. மறுநாள் வெந்த கன்னத்தோடு உட்கார்ந்து ஊருக்கு ஊசி போட்டேன். தோல் பக்கம் அதைக் கொண்டுபோகாதே. கிண்ணத்தில், தரையில் வேண்டுமானால் வைத்துக்கொள். குங்குமத்தை வாயோரம், கண்ணோரம் வைக்காதே, அதில் என்னென்ன கலந்திருக்குமோ. ஃபெவிக்விக் மேக்கப் பெட்டியிலேயே இருக்கக் கூடாது. லேட்டக்ஸ் (ரப்பர் பால்) வாங்கினால் முந்தின நாளே நடிகரின் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பார், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

நீ பார்க்கிற வீடியோக்களெல்லாம் வெள்ளைக்காரத் தோலுக்குச் செய்தவை. அவர்களுக்கு அடிபட்டால் சிவப்பும் நீலமும் பளிச்சென்று தெரியும். உன் நடிகர் என் நிறம். நம் தோலில் ரத்தக்கட்டு முதல் நாள் நிறமாகவே தெரியாது, வீங்கி, தோல் விறைத்து மினுங்கும். பிறகுதான் கத்தரிப்பூ நிறத்தில் கருக்கும், ஐந்தாறு நாளில் ஓரங்களில் பச்சையும் மஞ்சளும் இறங்கும். நீ போட்ட நீல ஐ-ஷேடோ, அடிபட்டவன் மாதிரி இல்லை, நாடகத்து நீல வேஷம் கலைந்த மாதிரி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்து, கரும்பழுப்பையும் கத்தரி நிறத்தையும் ஒற்றி ஒற்றி வை, தேய்க்காதே. சிராய்ப்புக்கு மட்டும், அவன் விழுந்த திசையில் ஒரே இழுப்பு.

முகமும் அப்படித்தான். வலியில் நம் ஆட்கள் வெளுப்பதில்லை, சாம்பல் பூத்த மாதிரி ஆவார்கள், உதடு மட்டும் வெளுத்துவிடும், மேலுதட்டில் வியர்வை பொடிக்கும். கிளிசரினில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தெளித்தால் அந்த வியர்வை லைட்டில் காயாமல் நிற்கும். டாம் சவினி என்று ஒரு அமெரிக்கர், வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்துவிட்டு சினிமா மேக்கப்புக்கு வந்தவர் என்று நீதானே சொன்னாய். அவர் அங்கே பார்த்ததைத்தானே இங்கே செய்தார். உனக்குப் பார்க்க நான் இருக்கிறேன், கேட்டிருக்கலாம்.

ஷூட்டிங் நடக்கிற தெருவில் முன்கூட்டியே சொல்லி வை. கட்டுக் கையோடு உங்கள் ஆள் டீ குடிக்கப் போனால் யாராவது 108-க்குப் போன் போட்டுவிடுவார்கள்.

பார்சல் நாளை போகிறது. கட்டுத் துணி காஸ் ரோல் ஆறு, பீட்டாடின் ஒரு பாட்டில், காயம் கழுவும்போது அடியில் வைக்கிற என் பழைய ஸ்டீல் கிட்னி டிரே, முனையும் விளிம்பும் மழுக்கின கவாத்துக் கத்தி ஒன்று. அம்மா வர்க்கியும் ஸ்வெட்டரும் வைத்திருக்கிறாள். கிட்னி டிரே எனக்குத் திரும்பி வர வேண்டும்.

புதன்கிழமை விறகு எடுக்கப் போய், பாசி பிடித்த படியில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே நல்ல அடி. ஒன்றும் இல்லை, நடக்கிறேன், பதறாதே. தினமும் காலை ஏழு மணிக்கு வராந்தா வெளிச்சத்தில் காலை நீட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்து வருகிறேன். நாலு படம் ஆகிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். மஞ்சள் இறங்கினதும் மொத்தமாக அனுப்புகிறேன்.

அப்பா